குஞ்சம் வைத்த தூளி

ஒரு காட்டில், ஆனி மாதம் சாரல் விழத் தொடங்கிவிட்டால் யாரும் வீடு தங்க மாட்டார்கள். குகை, பொந்து, வளை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு மூன்று நாள் நடந்து மலை உச்சிக்குப் போவார்கள். அங்கே அப்போதுதான் நாவல் பழுக்கும். பத்து நாள் தங்கி, நாக்கு ஊதா நிறமாகும் வரை பழம் தின்று, ஊர்க்கதை பேசி, காலை நீட்டிப் படுத்துவிட்டுத் திரும்புவார்கள்.

அந்த உச்சியில் எல்லாமே நல்லதுதான், தரையைத் தவிர. ஈரத் தரை முழுக்க அட்டைகள். உட்கார்ந்தால் கடிக்கும். படுத்தால் சொந்தபந்தத்தை எல்லாம் கூப்பிட்டு விருந்தே வைத்துவிடும். அதனால் மலைக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு தூளி கொண்டுபோவார்கள். குழந்தைகளே, உங்கள் அம்மா புடவையில் கட்டி ஆட்டினாரே, அந்தத் தூளிக்கு இது பெரியப்பா. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி, பெரியவர்கள் கூச்சமில்லாமல் படுத்துக்கொள்வது.

இதில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் தூளியை அவரவர்தான் சுமக்க வேண்டும். யானையின் முதுகில் ஏற்றிவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடப்பது கிடையாது. யானையே தன் தூளியைத் தானே சுமக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்டில் ஒரு கரடி இருந்தது. அதற்கு எதிலும் பகட்டு வேண்டும். போன வருடம், "தோல் இவ்வளவு தடிமனா இருக்கு, எனக்கெதுக்குத் தூளி?" என்று வெறுங்கையோடு மலை ஏறியது. முதல் நாளே அட்டைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. மறுநாள் காலையில் காலெல்லாம் ரத்தமாக இறங்கி வந்துவிட்டது. ஒரு வருடம் காத்திருந்த நாவல் பழத்தில் ஒரு கை அளவுதான் கிடைத்தது. போதாததற்கு, அதற்கு 'ஒருநாள் கரடி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெயர் கரடிக்கு உண்மையிலேயே வலித்தது. "இந்த வருஷம் பத்து நாளும் இருந்து காட்டுறேன்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தது. சொன்ன கையோடு தூளி வாங்கப் புறப்பட்டது.

தூளிக் கடை வைத்திருந்தது ஒரு தூக்கணாங்குருவி. முடிச்சுப் போடுவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்பதிலும் அப்படித்தான்.

"வாங்க அண்ணாச்சி. தோளில் எவ்வளவு கனம் தாங்கும்? முதுகு வலி ஏதும் உண்டா? மேலே எந்த இடத்துல தங்கப் போறீங்க?"

"தம்பி, நான் படுக்கை வாங்க வந்தேன். வைத்தியம் பார்க்க வரல" என்றது கரடி.

அப்போது நல்ல மதிய நேரம். கரடி வரும் வழியில் பலாப்பழம் ஒன்றை முழுசாக முடித்துவிட்டு வந்திருந்தது. கடையில் கட்டியிருந்த முதல் தூளியில் படுத்தது. தூங்கிவிட்டது. குருவி எழுப்பியது. இரண்டாவதில் படுத்தது. அதிலும் தூங்கிவிட்டது.

"ரெண்டுமே அருமை" என்றது கரடி. வயிறு நிறைந்தவர்களுக்குப் பாறையும் பஞ்சு மெத்தைதான் என்று குருவிக்குத் தெரியும். ஆனால் வியாபாரி இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

குருவி ஒரு சின்னச் சுருளை எடுத்து நீட்டியது. "இதைப் பாருங்க. மெல்லிசு. சுருட்டினா மாங்காய் அளவுதான். ஆனா உங்க கனத்தைத் தாங்கும், அதுக்கு நான் பொறுப்பு."

கரடி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தது. "இது என்ன, கைக்குட்டையா? இதைக் கொண்டுபோனா நாலு பேர் என்னை என்ன நினைப்பாங்க?"

அந்த நேரத்தில் ஒரு முள்ளம்பன்றி கடைக்கு வந்தது. அது எதையும் யோசித்துச் செய்யும் பிராணி. உடம்பு முழுக்க முள் இருந்தால் யோசிக்காமல் உட்காரக்கூட முடியாதே. துணித் தூளி எல்லாம் அதற்கு ஒரு புரளலில் கிழிந்துவிடும். அதனால் பெரிய கண் வைத்த வலைத் தூளி ஒன்றைக் கேட்டது. முள்ளெல்லாம் கண் வழியாகக் கீழே நீட்டிக்கொண்டுவிடும், உடம்பு வலையில் நிற்கும்.

வாங்கியதும் அது படுத்துப் பார்க்கவில்லை. வலையைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு, கடை இருந்த அத்தி மரத்தைச் சுற்றி விறுவிறுவென்று நடந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஏழு சுற்று.

"படுக்கை வாங்க வந்தியா, பிரதட்சணம் பண்ண வந்தியா?" என்று கேட்டது கரடி.

"மூச்சு வாங்குதான்னு பார்த்தேன் அண்ணாச்சி. வாங்கல. இதுவே போதும்" என்றது முள்ளம்பன்றி. அது குருவியிடம் திரும்பி, "கயிறு எவ்வளவு நீளம்?" என்று கேட்டது.

கரடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படுக்கை வாங்க வந்து கயிற்றின் நீளம் கேட்கிறவர்களை அது அதுவரை பார்த்ததில்லை.

கடைசியில் கரடி தேர்ந்தெடுத்தது இரண்டாவதாகப் படுத்துத் தூங்கிய, கடையிலேயே பெரிய தூளி. இரட்டைத் துணி. இலவம்பஞ்சுத் தலையணை. மழைக்கு ஒரு கூரைத் துணி. இரண்டு ஓரத்திலும் வரிசையாகச் சிவப்புக் குஞ்சங்கள். அது பல வருடமாக அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று கட்டி வைத்ததை விலைக்குக் கேட்பார்கள் என்று குருவியே நினைக்கவில்லை.

"அண்ணாச்சி, ஒரு தடவை தூக்கிப் பாருங்களேன்" என்றது குருவி.

"படுத்துப் பாத்தாச்சே."

"அப்ப கயித்தையாவது பாருங்க. உங்களை மாதிரி கனத்தவங்களுக்குன்னு மூணு புரி போட்டு முறுக்கின நார்க் கயிறு. இந்த ரெண்டு கயித்துக்குத்தான் எனக்கு நாலு நாள் ஆச்சு. மத்ததெல்லாம் ஒரு நாள் வேலை."

"அப்படியா" என்ற கரடி, குஞ்சங்களைத் தடவிக்கொண்டிருந்தது.

மலைப்பயணம் தொடங்கியது. முதல் நாள் பாதி வழியிலேயே கரடிக்கு நாக்கு தள்ளிவிட்டது. மூட்டை ஒரு பக்கம் சாய்ந்தால் கரடி மறுபக்கம் சாய்ந்தது. பின்னால் வந்தவர்களுக்கு யார் யாரைச் சுமக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

முள்ளம்பன்றி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னது. "அண்ணாச்சி, அந்தத் தலையணையை இங்கேயே ஒரு பொந்துல வச்சிட்டுப் போலாமே. திரும்பும்போது எடுத்துக்கலாம்."

"தலையணை இல்லாம எப்படித் தூங்குறது?"

"குஞ்சத்தை?"

"குஞ்சம் இல்லாட்டி அதுக்குப் பேரு தூளியா? சாக்கு." கரடி கோபமாக நடையைக் கூட்டியது. பத்தடி போனதும் மறுபடி குறைந்துவிட்டது.

இரண்டாம் நாள் ஒரு ஓடை குறுக்கிட்டது. மற்றவர்கள் கடந்து போய்விட்டார்கள். கரடி நடு ஓடையில் கால் வழுக்கி, மூட்டையோடு உட்கார்ந்துவிட்டது. எழுந்து கரைக்கு வந்தபோது மூட்டை முன்பைவிட இரண்டு மடங்கு கனத்தது.

இப்போதுதான் கரடிக்கு எதையாவது விட்டுவிடலாம் என்று தோன்றியது. மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தது. கடையில் செய்திருக்க வேண்டிய வேலை. பரவாயில்லை, இப்போதாவது செய்ததே.

தலையணை கூரைத் துணிக்குள் இருந்ததால் நனையவில்லை, இறகு போல இருந்தது. அது இருக்கட்டும். குஞ்சங்களுக்குக் கனமே இல்லை. அதுவும் இருக்கட்டும். துணி ஈரம்தான், பிழிந்தால் சரியாகிவிடும். கயிறுகளைத் தூக்கியது. அப்பா, நார் தண்ணீரைக் குடித்து இரும்புச் சங்கிலி மாதிரி இருந்தது.

"ஆகா, கள்ளன் இங்கே இருக்கானா" என்றது கரடி. "நான் படுக்கப் போறது துணியில. கயித்துல யாரு படுக்கிறா?"

முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்து, இரண்டு கயிறுகளையும் ஓடையில் விட்டெறிந்தது. தண்ணீர் அவற்றை இழுத்துக்கொண்டு கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு கரடி சீட்டி அடித்துக்கொண்டு நடந்தது. இவ்வளவு புத்தியாக ஒரு காரியம் செய்து அதற்கு நாளாகியிருந்தது. மூன்றாம் நாள் முள்ளம்பன்றியையே முந்திவிட்டது.

உச்சியில் நாவல் மரங்கள் கறுத்துக் குலுங்கின. எல்லாரும் தூளி கட்டினார்கள். முள்ளம்பன்றி தன் வலையை இரண்டு இளம் மரங்களுக்கு நடுவே கட்டி ஏறிப் படுத்துவிட்டது. கீழே முட்கள் மட்டும் தெரிந்தன.

கரடி அவசரப்படவில்லை. எல்லாரும் தன்னைப் பார்க்கும்வரை காத்திருந்தது. பிறகு தூளியை உதறி விரித்தது. சிவப்புக் குஞ்சங்கள் வரிசையாக ஆடின. எல்லாருடைய வாயும் ஒரு நொடி திறந்துதான் இருந்தது.

"கட்டுங்க அண்ணாச்சி, பார்ப்போம்" என்றது முள்ளம்பன்றி.

கரடி ஒரு ஓரத்தைப் பிடித்து ஒரு மரத்திடம் போனது. துணியை மரத்தின் மேல் வைத்துப் பார்த்தது. பிறகு மறு ஓரத்தைப் பிடித்து அடுத்த மரத்திடம் போனது. திரும்பி முதல் மரத்தைப் பார்த்தது. அங்கே வைத்த ஓரம் கீழே விழுந்து கிடந்தது.

"கயிறு எங்கே அண்ணாச்சி?"

கரடி ஒரு குஞ்சத்தை நேராக்கிவிட்டது. பிறகு, "கனமா இருந்துச்சு" என்றது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எல்லாரும் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது கரடிக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கரடி ஓடிப்போய்க் காட்டுக்கொடிகளை அறுத்து வந்து கட்டியது. தலையணையை வைத்து, ஏறி, பெருமூச்சு விட்டுப் படுத்தது. கொடி அறுந்தது. தொப்பென்று விழுந்த சத்தத்தில் கொஞ்சம் நாவல் பழம் உதிர்ந்தது. இன்னும் தடிமனான கொடியைக் கொண்டுவந்தது. இந்த முறை இன்னும் கொஞ்சம் அதிகப் பழம் உதிர்ந்தது.

முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணாச்சி, வலையில இடம் இருக்கு. வேணும்னா என் பக்கத்துல படுத்துக்கங்க."

அது மனதாரத்தான் சொன்னது. கரடி முள்ளம்பன்றியை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தது. "இருக்கட்டும் தம்பி, உனக்குச் சிரமம்" என்று சொல்லிவிட்டு, இரட்டைத் துணியைத் தரையில் விரித்தது.

தலையணையில் தலை வைத்த உடனே காதருகே ஒரு சின்னக் குரல் கேட்டது.

"ஐயா வந்தாச்சா. போன வருஷம் சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டீங்களே."

கரடி தலையைத் திருப்பியது. ஒரு அட்டை, குஞ்சத்தின் மேல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் பலர் வந்துகொண்டிருந்தார்கள்.

"இது இரட்டைத் துணி. உங்களால கடிச்சுத் துளைக்க முடியாது" என்றது கரடி. குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

"துணியை நாங்க எதுக்குக் கடிக்கணும்?" என்றது அட்டை. "சுத்தி வருவோம். எங்களுக்கு மூட்டையா முடிச்சா, நடக்கிறதுக்கு என்ன."

மறுநாள் விடிந்ததும் கரடி தூளியைச் சுருட்டியது. சுற்றிலும் எல்லாரும் தூளிகளில் ஆடிக்கொண்டே நாவல் பழம் தின்றுகொண்டிருந்தார்கள். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கரடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கியது.

பாதை திரும்பும் இடத்தில் அதன் பின்னங்காலிலிருந்து அட்டை ஒன்று வயிறு முட்டக் குடித்துக் கழன்று புல்லில் விழுந்தது. நிமிர்ந்து கரடியைப் பார்த்துச் சொன்னது:

"போயிட்டு வாங்க ஐயா. கேட்கணும்னு நினைச்சேன், குஞ்சம் எங்கே வாங்குனீங்க? ரொம்ப அழகா இருக்கு."

நீதி: சுமையைக் குறைக்க வேண்டுமென்றால் அலங்காரத்தை எறி, உன்னைத் தாங்கப் போவதை எறியாதே.