காக்காக்கடி கடிச்ச கடலமிட்டாய்

ஒரு ஊர்ல ஒரு சளி இருந்துச்சாம். அதுக்குச் சொந்த வீடு கிடையாது. அந்த ஊரு பால்வாடியில பதினாலு பிள்ளைங்க. அந்தப் பதினாலு மூக்குதான் அதுக்கு வீடு. இந்த மூக்குல நாலு நாள், அந்த மூக்குல நாலு நாள். பிள்ளைங்களும் ஒழுகுற மூக்கோடவே ஓடிப்புடிச்சு விளையாடும். ம் சொல்லு.

அங்க பவுனுன்னு ஒரு அஞ்சு வயசுக்காரி. அவ வீட்டுல அப்பத்தான் தம்பிப்பாப்பா பொறந்திருந்துச்சு. "ஞாயித்துக்கிழமை முப்பதாம் நாளு, பாப்பாவைத் தொட்டில்ல போடுறோம். அதுக்கு முன்னால உன் மடியில வைப்பேன். ஆனா சளியோட வந்தேன்னா கிட்டவே விடமாட்டேன், பச்சைப்புள்ளைக்கு ஆகாது"ன்னு அம்மா சொல்லிட்டா. பவுனுக்கு வாரம் பூரா அதே நெனப்பு.

சளி சும்மா இருக்குமா? திங்கக்கிழமை சந்தனம்னு ஒரு பையன் மூக்குல உக்காந்துக்கிட்டு, சோறு திங்கறப்ப "அச்சுக்"னு வெளிய குதிச்சுது. பவுனு படக்குனு தட்டைத் தூக்கிக்கிட்டு வேற வரிசைக்குப் போயிட்டா. அப்புறம் புதன்கிழமை கைகோத்து வட்டமா ஆடுறப்ப, அவன் கையிலேருந்து அவ கைக்கு வந்துச்சு. அவ கொழாயடிக்குப் போயி சோப்புப் போட்டு சளக் சளக்னு கழுவிட்டா. கெட்டிக்காரிதான?

அப்புறம் வெள்ளிக்கிழமை. சந்தனத்துக்குத் தும்மலும் இல்ல, ஒழுகலும் இல்ல, ஆளு நல்லாத்தான் இருந்தான். கையில ஒரு கடலமிட்டாய். "பாதி உனக்கு"ங்கிறான். "எச்சி வேணாம்"ங்கிறா இவ. "எச்சி இல்ல, காக்காக்கடி"ன்னு மிட்டாயைச் சட்டைத் துணிக்குள்ள வச்சு கடக்குனு கடிச்சுக் குடுத்தான். காக்காக்கடின்னா சுத்தம்னு ரெண்டு பேருக்கும் நம்பிக்கை. ஆனா அது எந்தச் சட்டை? முந்தாநாளு பூரா மூக்கைத் தொடச்ச அதே சட்டை. ம்...

ஞாயித்துக்கிழமை விடிஞ்சா பவுனுக்கு மூக்கு நமநமங்குது. சர்ருனு உறிஞ்சிக்கிட்டா, யாருக்கும் தெரியல. அப்போ பாயை விரிச்சு அவளை உக்காரவச்சு, அம்மா பாப்பாவைக் கொண்டாந்துட்டா. பாப்பா கொட்டாவி விடுது. பவுனு என்ன பண்ணினா தெரியுமா? ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டா. "எனக்கு ஒழுகுதும்மா"ன்னு சொல்லிட்டு அழுதுட்டா.

அம்மா அவளை வாசப்படிகிட்ட உக்காரவச்சா. "அங்கேருந்தே பேசு சாமி. நீ என் வயித்துல வாயை வச்சுப் பேசுவியே, அவனுக்கு உன் கொரலு தெரியும்"னா. பவுனு மூக்கடைச்ச கொரல்ல "தம்பி"ன்னு கூப்பிட்டா. பாப்பா தலையை அவ இருந்த பக்கம் திருப்புச்சு. அம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அப்புறம் ஒரு வாரம் கழிச்சு சளி அவளை விட்டுட்டு டீச்சர் மூக்குக்குக் குடி போயிருச்சு. அன்னைக்குத்தான் பாப்பா பவுனு மடிக்கு வந்துச்சு. காலு மரத்துப்போயும் அவ அசையலையாம்.

இப்ப அந்தச் சளி எங்கன்னு கேக்குறியா? வேற சட்டை மாட்டிக்கிட்டு வந்து உன் மூக்குல உக்காந்திருக்கு. அதான் நீ இந்தப் பெரியம்மாகிட்ட படுத்திருக்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் உன் தங்கச்சி முழிச்சுத்தான் கெடக்கா. கதை முடிஞ்சு தொட்டில் ஏறிருச்சு கண்ணு. அவளுக்குக் கேக்குற மாதிரி ஒரே ஒரு "ம்" சொல்லிட்டுத் தூங்கு.