பதினோராம் இலையில் முதலை

சீராளன் என்ற முள்ளம்பன்றிக்கு எழுத்தாளராக வேண்டும் என்று ஆசை. உடம்பு முழுக்க எழுதுகோல்! காடு முழுக்கத் தேக்கிலை! எழுத ஒரு விஷயம்தான் அகப்படவில்லை.

அதுவும் ஒரு நாள் காலையில் அகப்பட்டது. ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட முதலை ஒன்று, விலங்குகள் தண்ணீர் குடிக்கும் குளத்துக்குள் இறங்கியது. சீராளன் மட்டுமே அதைப் பார்த்தான்.

"உடனே எல்லாருக்கும் எழுதித் தெரிவிக்கணும்!" என்று முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினான். ஆனால், 'குளத்தில் முதலை' என்று மொட்டையாக எழுதினால் எவன் மதிப்பான்?

அதனால் சூரியன் உதித்ததிலிருந்து ஆரம்பித்தான். சூரியனுக்கு மூன்று இலை. பனித்துளிக்கு நான்கு இலை. தன் மனதின் ஏக்கத்துக்கு மூன்று இலை. பதினோராம் இலையில்தான் முதலை வந்தது. எல்லாவற்றையும் கரையிலிருந்த புங்கமரத்தில் வரிசையாகக் குத்திவைத்தான்.

வெயில் ஏறியதும் விலங்குகள் வந்தன. முயல் படித்துப் படித்துக் கண்ணீர் விட்டது.

"அண்ணே, அந்தப் பனித்துளி! என்னமா உருகியிருக்கீங்க!"

சீராளனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்தில் நின்ற காட்டெருமைக்குப் பன்னிரண்டு இடத்தில் குத்திவிட்டது.

"அதெல்லாம் இருக்கட்டும், கடைசி இலையைப் படிங்க!" என்றான்.

"கடைசி இலையா? பிரமாதம்!" என்றது கடமான், மென்றுகொண்டே. "உப்புதான் கொஞ்சம் கம்மி."

ஐயோ! முதலையைத் தின்று முடித்துவிட்டதே!

அந்த நேரம் பார்த்து நிஜ முதலை முயலுக்குப் பின்னால் மெல்லத் தலை தூக்கியது. சீராளன் பதறிப்போய் வாயைத் திறந்தான்.

"இருண்ட நீரின் ஆழத்திலிருந்து..."

"ஆகா!" என்று முயல் கண்ணை மூடி ரசித்தது.

"மரணத்தின் நிழல் போல..."

"ஆகாகா!"

முதலையின் வாய் அகலத் திறந்தது.

"முதலை! ஓடுங்க!" என்று அலறினான் சீராளன்.

ஒரே நொடியில் கரை காலியானது. முயல் உயிர் தப்பியது. அதன் வால் மட்டும் முதலையின் வாயில் சிக்கிக்கொண்டது.

மரத்தடியில் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு தனியாக நின்ற சீராளனைப் பார்த்து முதலை கேட்டது: "இந்த இலையெல்லாம் நீ எழுதினதாய்யா?"

"ஆ... ஆமாம்."

"ரொம்ப நல்லா வருது உனக்கு! நாளைக்கும் இதே மாதிரி எழுது!"

சீராளன் பத்து இலைகளையும் சுருட்டிக் குளத்தில் வீசினான். புதிதாக ஓர் இலையைப் பறித்து, 'குளத்தில் முதலை' என்று பெரிதாக எழுதினான்.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லாத எழுத்து, எவ்வளவு அழகாக இருந்தாலும் படிப்பவரைக் காப்பாற்றாது.