நொடிக்கொரு தடவை

சென்னியப்பனுக்கு ஐம்பத்தேழு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் நிதானமாகச் சிரித்துவிட்டு வரலாம், கதை அதற்குள் எங்கேயும் ஓடிவிடாது.

குருவின் பெயர் அமிர்தவல்லி. கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு மோட்டார் பட்டறையின் மாடியில் நாலு மேஜை போட்டுக்கொண்டு, பேட்டரியில் ஓடும் சின்னச் சின்ன மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுப்பவர். கற்றுக்கொள்ள வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்வார். எல்லோருக்கும் அவர் டீச்சர். சென்னியப்பன் துணை மின்நிலையத்தில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எட்டிப் பார்க்கமாட்டார். டீச்சரும் அப்படித்தான். எழுதியவர் தானாக வாயைத் திறந்து கேட்டால் ஒழிய, அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சென்னியப்பனுக்கு அங்கேதான் இடித்தது. தன் மகள் வயசு இருக்கிற பெண்ணிடம் போய், எனக்குப் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? மூன்று வாரமாகக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அந்த மூன்று வாரமும் அவர் கையில் ஒரு பெட்டி இருந்தது. டிபன் பாக்ஸ் அளவு. அதன் முனையைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்தால், உள்ளே இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணிச் சொல்லும். மலையில் நடந்தே ஊர் ஊராகப் போகும் நர்ஸ் எஸ்தருக்காகச் செய்தது. கரண்ட் எட்டிப் பார்க்காத ஆறு ஊர்களை அவர் மூன்று நாளில் சுற்றி வருவார். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் பெட்டிக்கு வேலை, மற்ற நேரமெல்லாம் பையில் கிடக்கும். ஆனால் மூன்று நாளும் சார்ஜ் போட வழி கிடையாது.

போன சுற்றில் பழைய பெட்டி இரண்டாம் நாளே கண்ணை மூடிவிட்டது. கடைசி ஊரில் ஒரு எட்டு மாதக் கர்ப்பிணி, காலையிலிருந்து பிள்ளை அசையவே இல்லை என்று அழுதிருக்கிறாள். எஸ்தர் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தார், ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை. டோலி கட்டி அந்தப் பெண்ணை எட்டு மைல் கீழே இறக்கினார்கள். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த எட்டு மைலும் தாய்க்கு எப்படிப் போயிருக்கும் என்று எஸ்தர் போனில் சொல்லக் கேட்டு, சென்னியப்பனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. புதுப் பெட்டி மூன்று நாள் தாங்கும், அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

பெட்டி இரண்டு நாள்தான் தாங்கியது. பேட்டரியை மாற்றிப் பார்த்தார், அதே கதை. எங்கேயோ கரண்ட் திருட்டுப் போகிறது, கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று கிளம்பினார். அவருடைய நிரல் நிமிஷத்துக்கு ஒரு தடவை, பேட்டரியில் எத்தனை பர்சன்ட் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தது. அதைப் பத்து நொடிக்கு ஒரு தடவை என்று மாற்றினார். பெட்டி ஒரே நாளில் போய்விட்டது. பார்த்தாயா, திருடன் முழித்துக்கொண்டான் என்று நொடிக்கொரு தடவை ஆக்கினார். நேற்றுக் காலையில் முழு சார்ஜோடு வைத்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அணைந்துபோனது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தும் திருடன் சிக்கவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாலு மணி பஸ்ஸில் எஸ்தர் வந்து பெட்டியை வாங்கிப் போவதாக ஏற்பாடு. மதியச் சாப்பாடு முடிந்ததும் சென்னியப்பன் கௌரவத்தை மென்று விழுங்கிவிட்டு டீச்சரின் மேஜைக்குப் போனார்.

"டீச்சர், இந்தப் பேட்டரிய எதுங்க தின்னுது?"

டீச்சர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாயை எடுத்து உதறி விரித்தார்.

"படுங்கண்ணா. அரை மணி நேரம் தூங்குங்க."

பஸ் நாலு மணிக்கு வந்துவிடும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். தெரியும், படுங்க என்றார் டீச்சர். குரு சொல்லைத் தட்டக்கூடாதே என்று படுத்தார். மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லாத உடம்பு, பாயில் முதுகு பட்டதும் கண் சொருகியது.

"அண்ணா, தூங்கிட்டீங்களா?"

"இல்லைங்க டீச்சர்."

"சரி, தூங்குங்க."

மறுபடி கண்ணை மூடினார். கீழே பட்டறையில் லேத் ஓடும் சத்தம் தாலாட்டாக இருந்தது. உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது.

"அண்ணா, தூங்கிட்டீங்களா?"

மரியாதை தெரிந்த மனுஷன். எழுந்து உட்கார்ந்து, இல்லைங்க என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்தார். இப்படி நாலு தடவை நடந்தது. ஐந்தாவது தடவை, தூக்கம் எத்தனை பங்கு வந்திருக்கிறது, பாதியா முக்காலா என்று டீச்சர் விசாரித்தார். ஆறாவது தடவையும் அதையே விசாரித்தார். இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று சென்னியப்பனுக்குக் கவலையாக இருந்தது. கவலைக்கு மேலே கோபம் வந்தது. கண் எரிந்தது, தலை வலித்தது, படுப்பதற்கு முன்னால் இருந்த தெம்பும் போய்விட்டது. ஏழாவது தடவை கேட்டதும் டீச்சர் என்பதெல்லாம் மறந்துபோய், வீட்டில் மகளைக் கூப்பிடுகிற மாதிரியே வந்துவிட்டது.

"ஏனம்மிணி, தூங்கிட்டியா தூங்கிட்டியான்னு கேட்டுக்கிட்டே இருந்தா மனுசன் எப்படித் தூங்கறது?"

டீச்சர் சென்னியப்பனின் மேஜைமேல் இருந்த பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

சென்னியப்பனும் பெட்டியைப் பார்த்தார். அது இழுக்கும் கரண்டைக் காட்டப் பக்கத்தில் வைத்திருந்த மீட்டரில் முள் எண்பதில் நின்றது. ஒவ்வொரு நொடியும் பெட்டி கண் விழித்து, பச்சை விளக்கை ஒரு தடவை துடிக்கவிட்டு, எத்தனை பர்சன்ட் என்று அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பாயில் உட்கார்ந்தபடியே ரொம்ப நேரம் பார்த்தார். வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

பிறகு எழுந்து பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மேஜைக்குப் போனார். பேட்டரியோடு ஒட்டினாற்போல ஒரு சின்ன சிப் இருக்கிறது. உள்ளே வரும் கரண்ட், வெளியே போகும் கரண்ட் இரண்டையும் அதுவே எண்ணிக்கொள்ளும், அதற்கு வேண்டிய கரண்ட் மிகச் சொற்பம். மற்ற பாகமெல்லாம் தூங்கினாலும் அது விழித்திருக்கும். சார்ஜர் செருகினாலோ, சொல்லிவைத்த அளவுக்குக் கீழே பேட்டரி இறங்கினாலோ, ஒரு கம்பி வழியாகப் பெட்டியைத் தட்டி எழுப்பும். அந்தக் கம்பியைச் சென்னியப்பன் முதல் நாளே பார்த்திருந்தார். நான் ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்கும்போது இது எதற்கு என்று இணைக்காமல் விட்டுவிட்டார்.

இப்போது இணைத்தார். இருபது பர்சன்ட்டில் ஒரு தடவை எழுப்பு, பத்தில் ஒரு தடவை எழுப்பு என்று சிப்புக்குச் சொல்லிவைத்தார். கேட்டுக் குறிக்கிற நிரல் முழுவதையும் அழித்தார். அழிக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. பச்சை விளக்கு அணைந்தது. எண்பதில் நின்ற முள் மெதுவாக இறங்கி இரண்டில் வந்து நின்றது. பொத்தானை அழுத்திப் பார்த்தார், பெட்டி உடனே விழித்தது. சார்ஜரைச் செருகினார், விழித்தது. சும்மா விட்டால் தூங்கியது. ஐந்து தடவை செய்து பார்த்தார், ஐந்து தடவையும் சொன்னபடி கேட்டது. தினமும் வேலை செய்யும் கால் மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஐந்து நாள் தாராளமாக வந்தது. டீச்சரும் எழுந்து வந்து முள்ளைப் பார்த்து, தன் பிளாஸ்கிலிருந்து அவருக்கு ஒரு டம்ளர் காபி ஊற்றிக்கொடுத்தார்.

நாலரைக்கு எஸ்தர் படியேறி வந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தன் மணிக்கட்டில் வைத்து நாடி எண்ணினார், முகமெல்லாம் சிரிப்பு. போன மாதம் டோலியில் இறங்கிய பெண்ணுக்குத்தான் முதலில் வைத்துக் காட்டப்போவதாகச் சொன்னார். துணியில் சுற்றிப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பெட்டி பைக்குள் போனதும் சென்னியப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இனி அதை யார் பார்ப்பது? மலைமேல் எத்தனையில் நிற்கிறது, எப்போது இறங்குகிறது, இங்கே இருந்துகொண்டு எப்படித் தெரியும்? படி வரைக்கும் எஸ்தருக்குப் பின்னாலேயே போனார். அந்த ஊர்களில் போன் எடுக்குமா என்று கேட்டார். மேட்டுக்கு ஏறினால் எடுக்கும், அவசரத்துக்கு வண்டி கூப்பிட வேண்டுமே என்று போனை அணைத்தே வைத்திருப்பேன் என்றார் எஸ்தர்.

"அணைக்காதீங்க சிஸ்டர். மூணு நாளும் மணிக்கொரு தடவ நான் கூப்பிடறேன். பொட்டியில எத்தன பர்சன்ட்னு மட்டும் சொல்லிப்போடுங்க, போதும்."

டீச்சர் தன் மேஜையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அண்ணா, அவங்க போன்லயும் பேட்டரிதானுங்க இருக்குது."