தாகம் இல்லாதவனுக்கே தண்ணீர்

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் போகிறீர்கள். உத்தரவாதம். ஆனால் அந்த இடம் இப்போது வராது. பந்தியில் உட்கார்ந்ததும் பாயசம் கேட்டால் எப்படி? முதலில் உப்பு வைக்கட்டும், கூட்டு வைக்கட்டும். அதுவரைக்கும் முகத்தை எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

நெட்டைப்பனையூரில் ஒரு கபடிக் குழு இருந்தது. அதன் தலைவன் கொம்பையா. தோளைப் பார்த்தால் பாறை. தோளுக்கு மேலே பார்த்தால் அதுவும் பாறைதான். அவனுக்கு மாமன் மகள் செல்வராணியைக் கட்டவேண்டும் என்று ஆசை. மாமன் சண்முகக்கனி கீழக்கரும்பூர்க்காரர். அந்த ஊர்க் கபடிக் குழு என்றால் அவருக்கு உயிர்.

“சித்திரைக் கோயில் கொடைக்கு எங்க ஊர்ல கபடி நடக்கு மருமவனே. கோப்பையோட வந்தா பொண்ணு தாரேன். தோத்தேன்னா இந்தத் திசையில தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார்.

அரையிறுதி ஆட்டம் வந்தது. வெயிலுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று யாரோ சொல்லிவைக்க, ஆளுக்கொரு குடம் குடித்துவிட்டுக் களத்தில் இறங்கினார்கள். முதலில் சொள்ளமுத்து பாடிப் போனான். வாயில் ‘கபடி கபடி’, வயிற்றில் ‘களக் புளக்’. அவனைப் பிடிக்க வந்த எதிரணிக்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தவர்களை எல்லாம் வரிசையாகத் தொட்டுவிட்டு வந்தான். ஜெயித்தாயிற்று. ஜெயித்த கையோடு ஏழு பேரும் வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தார்கள்.

இல்லை, சிரிக்கிற இடம் இது இல்லை. பொறுங்கள்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் எஸ்தர் அக்கா ஏழு பேரையும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

“ஏம்ல, நீங்க மனுசங்களா, ஊருணியா? ஒரேயடியாவா ஊத்துறது? காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பிரிச்சுப் பிரிச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். தாகம் வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. தாகம் வர்றதுக்கு முன்னாலயே குடிச்சிரணும். விளங்குதா?”

“விளங்குதுக்கா” என்றார்கள் ஏழு பேரும். ஒருத்தனாவது விளங்கவில்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அன்று சாயங்காலம் ரேஷன் கடைக்குப் பின்னால் ஆடுகளத்தில் கூட்டம் கூடியது. கொம்பையா தொண்டையைச் செருமினான்.

“அக்கா சொன்னதுல முக்கியமான சொல்லு எது?”

“முன்னால” என்றான் சொள்ளமுத்து.

“அப்ப, தாகம் வந்த பெறவு ஒருத்தன் குடிக்கலாமா?”

“எப்படிக் குடிக்க? நேரந்தான் தாண்டிப் போச்சே. பஸ்ஸு போன பெறவு கையக் காட்டுன கதையால்லா இருக்கு.”

பின்வரிசையில் ஆடும் தவசிக்கு மட்டும் ஒரு சந்தேகம். “அண்ணாச்சி, தாகமே இல்லாதவன் எதுக்குத் தண்ணி குடிக்கணும்?”

“தாகம் வராம இருக்கத்தாம்ல.”

“அப்ப, தாகம் வந்தவன்?”

கொம்பையா வானத்தைப் பார்த்து யோசித்தான். “அவன் காத்திருந்திருக்கான். காத்திருக்கக் கூடாதுன்னு அக்கா அம்புட்டுத் தூரம் சொல்லியும் காத்திருந்திருக்கான். அப்படி ஒழுக்கங்கெட்ட பயலுக்கு ஒரு சொட்டு கிடையாது!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வீட்டில் யாரும் திருட்டுத்தனமாக அளவு மீறிக் குடித்துவிடக் கூடாது என்பதால், குழுவின் குடத்தைத் தவிர வேறெங்கும் வாய் வைப்பதில்லை என்று கற்பூரம் ஏற்றிச் சத்தியமும் செய்தார்கள். குடத்துக்குக் காவல் வேண்டுமே? மூக்காண்டியைக் கூப்பிட்டார்கள்.

மூக்காண்டி அந்தக் குழுவின் எட்டாவது ஆள். ஏழு பேர் களத்தில் ஆடுவார்கள், இவன் வெளியே அவர்களுடைய செருப்பைப் பார்த்துக்கொள்வான். “நானும் ஒருக்கப் பாடிப் போறேனே அண்ணாச்சி” என்று கேட்கும்போதெல்லாம் கொம்பையா, “நீ செருப்பப் பாருல” என்பான். இப்போது செருப்பிலிருந்து குடத்துக்குப் பதவி உயர்வு. மூக்காண்டி தலையைக் குனிந்து, அழப்போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பொறுப்பை ஏற்றான்.

மறுநாள் காலையிலேயே வேலை ஆரம்பமானது.

“தாகமா இருக்கா?” என்றான் மூக்காண்டி, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

“ஆமாடே, உயிர் போகுது” என்றான் தவசி.

“அப்பப் போ. நேரம் தாண்டிருச்சு.”

தவசி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். தப்பு அவன் மேல்தானே!

மதியத்துக்குள் எல்லாருக்கும் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. “தாகமா?” என்று கேட்டால், “தாகமா? அப்படின்னா என்னது?” என்று மேலும் கீழும் பார்த்தார்கள். கண் குழிந்து, உதடு வெடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, “சீச்சீ, நமக்கெல்லாம் அது வாரதே இல்ல” என்றார்கள். மூக்காண்டி விடுவானா? “அப்படியா? நாக்க நீட்டு” என்றான். காய்ந்த நாக்கு என்றால் பொய்யன், தண்ணீர் கிடையாது. ஈர நாக்குக்காரனுக்கு மட்டும் ஒரு டம்ளர்.

இந்தப் பரிசோதனையைக் கொம்பையா ரொம்பவே மெச்சினான். “பயலுக்கு என்ன மூளை பாருங்கடே!” என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஈர நாக்குக்கு எங்கே போவது? ஈர நாக்கு வேண்டும் என்றால் தண்ணீர் குடித்திருக்கவேண்டும். தண்ணீர் குடிக்கவேண்டும் என்றால் ஈர நாக்கு வேண்டும். சொள்ளமுத்து இரண்டு நாள் யோசித்து வழி கண்டுபிடித்தான். மாட்டுத் தொட்டியில் தலையைக் கவிழ்த்து, நாக்கை மட்டும் தண்ணீரில் முக்கிக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்ற பசு குடிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தது.

அந்தத் தொட்டியிலேயே குடித்துத் தொலைத்திருக்கலாமே என்கிறீர்களா? சத்தியம் பண்ணியவன் ஐயா அவன். முக்கி எடுத்த நாக்கை வெளியே நீட்டியபடி தெருத்தெருவாக ஓடினான். சித்திரை வெயில். குடத்துக்கு வந்து சேர்வதற்குள் நாக்கு அப்பளமாகியிருந்தது.

“பொய்யன்” என்றான் மூக்காண்டி.

இறுதியாட்டம் நெருங்கியபோது குழுவில் ஈர நாக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது மூக்காண்டியுடையது. அவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்வான்: “மூக்காண்டி, தாகமா இருக்கா?” பிறகு பதிலும் சொல்வான்: “இல்ல அண்ணே.” கைக்கண்ணாடியை எடுத்து நாக்கை நீட்டிப் பார்ப்பான். சட்டத்துக்கு உட்பட்டு ஒரு டம்ளர். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு டம்ளர். எஸ்தர் அக்கா சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தவன் அந்த ஊரில் அவன் ஒருத்தன்தான். கன்னம் மினுமினுத்தது.

கொம்பையாவுக்கு அவனைப் பார்க்கப் பார்க்கப் பெருமை. “ஒரு நாளாச்சும் தாகம்னு சொன்னானா? பாத்துப் படிச்சுக்கோங்கல!” என்று மற்றவர்களைத் திட்டினான். திட்டு காற்றாகத்தான் வந்தது.

கொடை நாள். கீழக்கரும்பூர்க் களத்தைச் சுற்றிக் கூட்டம், எதிரில் அந்த ஊர்க் குழுவேதான். சொள்ளமுத்து பாடிப் போனான். “கப்...” என்றான். அதற்கு மேல் வரவில்லை. நடுவர் விசில் ஊதினார். கொம்பையா போனான். “க...” விசில். எச்சில் இருந்தால்தானே பாட்டு வரும்? நல்லவேளையாகப் பிடிக்கிற கை இன்னும் கையாகவே இருந்ததால், வந்தவர்களை அமுக்கி அமுக்கி ஆட்டத்தைச் சமமாக இழுத்துவந்தார்கள்.

இடைவேளையில் செல்வராணி நன்னாரி சர்பத்தோடு வந்தாள். டம்ளரின் வெளியே நீர் முத்து முத்தாக வழிந்தது.

“தாகமா இருக்கா மச்சான்?”

சத்தியம் தண்ணீருக்குத்தானே, சர்பத்துக்கு இல்லையே! கொம்பையாவின் உடம்பெல்லாம் ‘ஆமா’ என்றது. ஆனால் இத்தனை நாள் பட்ட அனுபவம் சும்மா விடுமா? ஆமா என்றால் கிடைக்காதே! நெஞ்சை நிமிர்த்தினான். “சீச்சீ! தாகமா? எனக்கா?”

“அப்ப சரி” என்று அவள் அதை எதிரணித் தலைவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் மடக் மடக்கென்று குடித்ததைக் கொம்பையா கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசிப் பாட்டு. ஒரே ஓர் ஆளைத் தொட்டுவிட்டு வந்தால் கோப்பையும் செல்வராணியும் கொம்பையாவுக்கு. ஆனால் பாடத்தான் தொண்டை இல்லை. போதாக்குறைக்குத் தவசி களத்திலேயே மயங்கி விழுந்தான்.

“மூக்காண்டி!” என்றான் கொம்பையா. “செருப்ப வச்சுட்டு வாடே. நம்மள்ல ஈரத் தொண்டை உனக்குத்தான்.”

மூக்காண்டி இறங்கினான். அடேயப்பா, குற்றால அருவி மாதிரி கொட்டியது பாட்டு. கபடிகபடிகபடிகபடி! வலப்பக்கம் பாய்ந்தான், இடப்பக்கம் வளைந்தான், எதிரணித் தலைவன் முதுகில் பளாரென்று ஒரு தட்டும் தட்டிவிட்டான். இனித் திரும்பி ஓடிவந்து நடுக்கோட்டைத் தொட்டால் போதும். கொம்பையா துள்ளினான். மாமன் எழுந்தே நின்றுவிட்டார்.

அப்போது மூக்காண்டி அப்படியே நின்றான். முழங்கால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. முகம் ஒரு மாதிரி கோணியது. அடுத்த நொடி எதிர்த்திசையில் பாய்ந்தான். எல்லைக்கோட்டைத் தாண்டி, கூட்டத்தைப் பிளந்து, பாட்டை மட்டும் நிறுத்தாமல் பனங்காட்டுக்குள் ஓடி மறைந்தான்.

நடுவர் விசிலை வாயில் வைத்தார். கொம்பையா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான். “ஐயா, மூச்சு விடாமத்தான் பாடுதான். கேட்டுப் பாரும்!”

களமே அமைதியானது. பனைக்குப் பின்னாலிருந்து ‘கபடி கபடி கபடி’ என்று நிம்மதியான ஒரு குரல் வந்தது. கூடவே, காய்ந்த ஓலைமேல் மழை பெய்கிற சத்தமும்.

“பாட்டு நிக்காட்டி என்னய்யா, ஆளு கோட்டைத் தாண்டியாச்சே. அவுட்டு!” என்று விசிலை ஊதினார் நடுவர். கோப்பை கீழக்கரும்பூருக்கு. “வா பிள்ள, வீட்டுக்குப் போவோம்” என்று மாமன் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். மைக்கில் ஒருவர் நன்றி சொன்னார். மாலை போட்டார்கள், வேட்டுப் போட்டார்கள். அதெல்லாம் முடிந்தும் பனைக்குப் பின்னால் சத்தம் முடியவில்லை.

கொம்பையா காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒரு மனுசன் வயிற்றில் இம்புட்டா? முதலில் ஒரு புருவம் உயர்ந்தது. ரொம்ப நேரம் கழித்து அடுத்த புருவம். இதுவரை போனது தவசியின் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் சொள்ளமுத்துவுடையது. அதுவும் போய்விட்டது. அப்படியானால் இப்போது போய்க்கொண்டிருப்பது...

பாறையில் விரிசல் விட்டது. வறண்ட தொண்டையில் எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ!

“ஏலே மூக்காண்டி! நிறுத்துல! அது என் பங்குத் தண்ணியாக்கும்!”