இரைச்சல் இல்லாத பம்பு

"அம்மா, இந்த பம்பு ஓடும்வரை எனக்குத் தியானம் கூடி வராது" என்றார் பூவராகன்.

குரு மங்களாம்பிகை தோட்டத்துக் குளத்தைப் பார்த்தார். கரையில், கல்லின் மேல், பழைய பம்பு இருமிக்கொண்டிருந்தது. குளத்து நீரை இழுத்து, மூங்கில் குழாய் வழியாகத் திரும்பக் குளத்திலேயே கொட்டுவது அதன் வேலை. கொட்டும் நீரில் கலந்து வரும் காற்றில்தான் மீன்கள் மூச்சு விட்டன.

"எத்தனை நாளாகக் கூடவில்லை?"

"இங்கே வந்ததிலிருந்து."

"வருவதற்கு முன்?"

அந்தக் கேள்வி தியானத்தில் சேராது என்று பூவராகன் முடிவு செய்தார்.

அவர் பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி செண்பகத்தைக் காட்பாடியில் விட்டுவிட்டு ஏலகிரி மலைக்கு ஞானம் தேடி வந்திருந்தார். குருவைவிட வயதில் மூத்தவர். அவர் குருவை 'அம்மா' என்பார். குரு அவரை 'சார்' என்பார். எந்தச் சாத்திரத்திலும் இதற்கு விதி இல்லை, தடையும் இல்லை.

குரு ஆசை என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தார். பாதியில் பம்பின் இருமல் கம்மியது. குரு எழுந்துபோய், வடிகட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பஞ்சைக் கழுவி, திரும்பப் பொருத்திவிட்டு வந்தார்.

"எங்கே விட்டேன்?"

"ஆசையில்" என்றார் பூவராகன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பம்பு பிடிக்கவில்லை என்றால் வேறு வாங்குங்கள், சார். குளம் இனி உங்கள் பொறுப்பு."

*

பூவராகன் ஒரு வாரம் தியானத்தை ஒத்திவைத்துவிட்டு பம்புகளைப் பற்றிப் படித்தார். குளத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டார். அணைக்கு மதகு வைக்கும் சிரத்தையோடு குழாயின் உயரத்தை மும்முறை அளந்தார். பிறகு திருப்பத்தூருக்கு இறங்கினார்.

கடைக்காரர் நீருக்குள் மூழ்கி ஓடும் சின்ன பம்பு ஒன்றை எடுத்து வைத்தார்.

"சத்தம்?"

"இருக்கிறதே தெரியாது சார்."

"பராமரிப்பு?"

"பஞ்சை மட்டும் வாராவாரம் கழுவிடுங்க. வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். அடைச்சுக்கிட்டா சூடாகி நின்னுடும்."

"நின்றால் எப்படித் தெரியும்?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "நிக்காது சார். நல்ல கம்பெனி."

பூவராகன் அதைக் குளத்தின் அடியில் இறக்கினார். நீர் விழும் ஓசையும் எதற்கு என்று மூங்கில் குழாயின் வாயை நீருக்குள் அமிழ்த்தினார். பழைய பம்பு கொட்டகைக்குப் போனது.

தோட்டம் அடங்கியது.

"எப்படி அம்மா?"

குரு காதைச் சாய்த்துக் கேட்டார். "ஓடுகிறதா?"

"ஓடுகிறது. இருக்கிறதே தெரியாது."

"ஆமாம்" என்றார் குரு. "எனக்கும் தெரியவில்லை."

குளத்தின் மூத்த மீன் மேலே வந்து, ஒற்றைக் கண்ணால் இருவரையும் பார்த்துவிட்டுப் போனது. குளம் வெட்டியபோது குரு வாளியில் கொண்டுவந்து விட்ட சிவப்புக் கெண்டை அது. காலையில் முதலில் கரையைச் சுற்றிப் பார்ப்பது அதுதான் என்பதால், அதற்குத் தலையாரி என்று பெயர்.

*

"அம்மா, இன்னும் ஒரு தொந்தரவு."

"பம்பா?"

"அதில் லேசாக ஒரு ரீங்காரம் இருக்கிறது. என் காதுக்கு மட்டும்தான் கேட்கிறது. அதைப் பொறுத்துக்கொள்வேன். இது வேறு. செண்பகம் தினமும் காலையில் ஃபோன் செய்கிறாள்."

"என்ன சொல்வார்கள்?"

"முழங்கால் வலி. கேஸ் வரவில்லை. எதிர்வீட்டுப் பூனை நம் மாடியில் குட்டி போட்டிருக்கிறது. இதெல்லாம் ஒரு செய்தியா அம்மா?"

"பூனை எத்தனை குட்டி போட்டது?"

"கேட்கவில்லை."

குருவின் முகத்தில் உண்மையான ஏமாற்றம் தெரிந்தது.

"அவசரம் என்றால் மட்டும் கூப்பிடு என்று சொல்லிவிட்டேன்" என்றார் பூவராகன்.

"அவசரத்துக்கு என்ன அளவு வைத்தீர்கள்?"

எல்லாவற்றையும் அளந்து பழகியவர் அதற்கு மட்டும் அளவு வைத்திருக்கவில்லை.

*

ஃபோன் நின்றது.

முதல் வாரம் பூவராகன் பஞ்சைக் கழுவினார். இரண்டாம் வாரமும் கழுவினார். மூன்றாம் வாரம் தியானம் நன்றாகக் கூடி வந்ததால் கழுவவில்லை. வெயில் ஏறியது. குளத்தில் பாசி படர்ந்தது. குளத்தைப் பார்த்தால் மனம் அலைகிறது என்று அவர் வேறு பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தார்.

குரு இரண்டொரு முறை அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, பொறுப்பு அவருடையது என்று விட்டுவிட்டார்.

*

ஒருநாள் காலை பூவராகன் ஓட்டமும் நடையுமாக வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அம்மா! நடந்துவிட்டது."

குரு குளக்கரையில் குனிந்திருந்தார்.

"நேற்றிரவு படுக்கும் முன் உட்கார்ந்தேன். அந்த ரீங்காரம்கூட அடங்கிவிட்டது. உள்ளேயும் வெளியேயும் ஓசையே இல்லை. அப்படி ஒரு அமைதியை என் வாழ்நாளில் கண்டதில்லை. இதைத்தானே பெரியவர்கள்..."

குரு திரும்பினார். அவருடைய இரண்டு கைகளிலும் தலையாரி கிடந்தது.

குளத்தில் மற்ற மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. ஓரத்தில் ஒரு குஞ்சு மட்டும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

பூவராகன் வேட்டியோடு குளத்தில் இறங்கினார். அடியிலிருந்து பம்பைத் தூக்கினார். பஞ்சு கறுத்து, சேறாகி, களிமண் உருண்டை போல இருந்தது.

குரு கொட்டகைக்குப் போய்ப் பழைய பம்பை எடுத்துவந்து கல்லின் மேல் வைத்தார். அது இருமியது. நின்றது. மறுபடி இருமியது. குரு மூங்கில் குழாயை உயர்த்திக் கட்டினார். தண்ணீர் சளசளவென்று விழுந்தது. குஞ்சு அந்த நுரையைத் தேடிப் போனது.

"என்னைத் திட்டுங்கள் அம்மா."

"நானும் நேற்றிரவு நன்றாகத் தூங்கினேன், சார்."

குரு எலுமிச்சைச் செடியின் அடியில் குழி பறித்தார். பூவராகன் உதவப் போனார். குரு தடுக்கவில்லை. தலையாரியை இருவருமாக உள்ளே வைத்தார்கள். மீனின் கண் மூடாது. அது பூவராகனுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் இதுவரை அவர் பார்த்ததில்லை.

"அது நின்றது எனக்குக் கேட்டது அம்மா."

குரு நிமிர்ந்தார்.

"ரீங்காரம் சட்டென்று நின்றது. கேட்டேன். என் மனம்தான் அடங்கியது என்று நினைத்தேன். இனித் தொந்தரவு இல்லை என்று..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. சேறு படிந்த கை சட்டைப்பையில் ஃபோனைத் தேடியது.

மணி வெகுநேரம் அடித்தது.

"சொல்லுங்க" என்றாள் செண்பகம். குரல் தாழ்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண், கட்டில் எண்ணைச் சொல்லி ஊசி போடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்கே இருக்கே?"

"ஆஸ்பத்திரியில."

"முழங்காலா?"

"முழங்கால் இல்லீங்க."

பழைய பம்பு இருமியது. பூவராகன் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எப்போ சேர்ந்தே?"

"போன வாரம்."

"எனக்கு ஏன் சொல்லல, செண்பகம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"அவசரமான்னு தெரியலைங்க" என்றாள்.