மடி எங்கே?

மாதேஸ்வரி முப்பத்துநான்கு வயதில் மருத்துவம் படிக்க வந்தவள். உடற்கூறியல் ஆசிரியர் தாமரைக்கண்ணன் அவளைவிட இளையவர். ஆனாலும் அவர் வாய் திறந்தால் வகுப்பு மூச்சுவிடாமல் கேட்கும்.

அன்று, தானமாக வந்த ஓர் உடலின் தொடையை அறுத்துப் படித்தார்கள். எல்லோரும் கிளம்பிய பிறகும் மாதேஸ்வரி மேசையை விட்டு நகரவில்லை.

"என்ன தேடுறீங்க?" என்றார் ஆசிரியர்.

"தோலைப் பார்த்தேன் சார். அதுக்குக் கீழே கொழுப்பு. அப்புறம் வெள்ளையா ஒரு உறை, தசை, நரம்பு, ரத்தக்குழாய். கடைசியா எலும்பு, அதுக்குள்ள மஜ்ஜை. எல்லாம் இருக்கு."

"அப்புறம்?"

அவள் குரல் இறங்கியது. "எனக்கு அஞ்சு வயசு இருக்கும்போது அம்மா போயிட்டாங்க சார். முகம்கூட ஞாபகம் இல்ல. அவங்க தொடையில தலை வச்சுப் படுத்த சூடு மட்டும் இந்தக் கன்னத்துல இன்னும் இருக்கு."

மேசையில் கிடந்த தொடையைக் காட்டினாள்.

"இதுல மடி எது சார்?"

ஆசிரியர் உடலைத் துணியால் மூடினார். இருவரும் கையுறையைக் கழற்றிக் கைகழுவினார்கள்.

"வாங்க."

குழந்தைகள் வார்டில் ஒரு சிறுமி வீறிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு வேறு கட்டடத்தில் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. நர்ஸ் கொடுத்த பிஸ்கட் தரையில் நொறுங்கிக் கிடந்தது.

ஆசிரியர் கட்டிலைக் காட்டினார். "உட்காருங்க."

மாதேஸ்வரி உட்கார்ந்தாள். சிறுமி அவளை உதைத்தாள், கையைக் கடிக்கப் பார்த்தாள். அழுது ஓய்ந்ததும், யாரென்று பார்க்காமலே அவள் தொடையில் தலையைச் சாய்த்தாள். "அம்மா" என்று ஒருமுறை முனகிவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

ஈரமான கன்னம் சுடச்சுட அழுந்தியது. மாதேஸ்வரி அசையவில்லை. தன் அம்மாவும் இப்படித்தானே எத்தனையோ மத்தியானம் அசையாமல் இருந்திருப்பாள்? முகம் அப்போதும் நினைவுக்கு வரவில்லை. கண்தான் நிறைந்தது.

ஜன்னலில் வெயில் இறங்கியது. ஆசிரியர் அங்கேயே நின்றிருந்தார்.

"கால் மரத்துப்போச்சு சார்," என்றாள் மெல்ல. "எழுந்துக்கட்டுமா?"

"எழுந்துக்கலாம்," என்றார் அவர். "நின்னுட்டா மடி இருக்காது."