நாலு ஓட்டு

கவுன்சிலர் தணிகாசலம் ஓட்டு எண்ணும் நாளில் வெளியூர் நண்பர்களைக் கூட்டி வைத்து, டிவி முன்னால் ஒரு விளையாட்டு நடத்தினார். அவருடைய சொந்தப் பூத்தில் அவருக்கு எத்தனை ஓட்டு என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் தோப்புக்கரணம் போட வேண்டும். நண்பர்கள் எழுநூறு, எண்ணூறு என்று அளந்தார்கள்.

வடைத் தட்டோடு வந்த சமையல்காரி பவுனம்மாவையும் அவர் விடவில்லை.

"நீயும் இந்தப் பூத்துதானே, சொல்லுடி."

அந்தப் பூத்துக்கு உட்பட்ட தெருக்களில் எட்டு மாதமாகக் குழாயில் காற்றுதான் வந்தது. அவர் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் லாரி வந்தது.

"நாலு" என்றாள் பவுனம்மா.

தணிகாசலத்தின் முகம் கறுத்தது. "தப்பா இருந்தா நூறு தோப்புக்கரணம். நாளையிலிருந்து வேலையும் கிடையாது."

"சரிங்கய்யா. சரியா இருந்தா அந்த நூறை நீங்க போடணும்."

"போடறேன்" என்று அவர் சிரிக்கும்போதே பூத் ஏஜென்ட் போனில் அழைத்தான். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நாலுதாண்ணே விழுந்திருக்கு."

"என் வீட்டிலேயே அஞ்சு ஓட்டு இருக்கேடா!"

"வெளியாள் ஒருத்தரும் போடலங்கய்யா" என்றாள் பவுனம்மா. "மிச்சக் கணக்கை வீட்டுக்குள்ள கேளுங்க."

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி முன்னால் வந்தாள்.

"நான்தான் போடல. காதைப் பிடிங்க."

நண்பர்கள் நழுவுவதற்குச் செருப்பைத் தேடினார்கள். பவுனம்மா சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்தாள்.